நான்கு அறைகளும் இரக்கமும்

ரெட்டியார்சத்திரம் வட்டாரத்தில் மாட்டுக்கு நோய் வந்தால் கோபிநாதசுவாமி மலைக்கோயிலுக்கு வேண்டிக்கொள்வார்கள். கால்நடை மருத்துவரோ வாலைத் தூக்கி, அடிப்பக்கத் தமனியில் விரல் வைத்து நாடி பார்ப்பார். பசுவுக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 60 முதல் 80 துடிப்பு. நமக்கும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். இரண்டு உடலிலும் இதயத்துக்கு நான்கு அறைகள். வலப்பக்கம் ரத்தத்தை நுரையீரலுக்கு அனுப்புகிறது. ஆக்சிஜன் ஏறித் திரும்பும் ரத்தத்தை இடப்பக்கம் உடலெங்கும் தள்ளுகிறது. மாட்டின் இதய உறையில் செய்த வால்வு மனித நெஞ்சில் ஆண்டுக்கணக்கில் திறந்து மூடுகிறது. இந்த ஒப்புமையே ஜீவகாருண்யத்துக்கு ஆதாரம் என்பவர்கள் உண்டு. எனக்கு அது போதவில்லை. முதலைக்கும் நான்கு அறைகள்தான். தவளைக்கு மூன்று, கண்மாய்க் கெண்டைக்கு இரண்டு. கரப்பானின் ரத்தம் சிவப்பே இல்லை. குழாய்க்குள் அடங்காமல் உறுப்புகளை நனைத்தபடி ஓடுகிறது. அறையை எண்ணி அருளை அளந்தால் கெண்டைக்குப் பாதிதான் மிஞ்சும். தூண்டிலில் அது துடிக்கும்போது அந்தப் பாதிக் கணக்கு எங்கே தெரிகிறது?

இதயம் ரத்தம் இறைக்கும் தசை மட்டுமே என்றால், நெஞ்சுக்குள் கோயில் கட்டிய பூசலார் என்ன ஆவார் என்று பக்தர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 1994இல் டெல்லி எய்ம்ஸில் டாக்டர் வேணுகோபால் குழு இந்தியாவின் முதல் வெற்றிகரமான இதய மாற்று அறுவையைச் செய்தது. பிறர் இதயம் பெற்றவர் தம் பழைய நினைவோடும் நம்பிக்கையோடும்தான் கண் விழிக்கிறார். பூசலாரின் கோயில் தசையில் எழுந்ததல்ல, நினைவில் எழுந்தது. அதை எந்தக் கத்தியும் தொடாது. இரக்கத்துக்கும் உறுப்பின் வடிவம் ஆதாரமல்ல, வலியை உணரும் தன்மையே ஆதாரம். கரப்பானுக்கு வலிக்குமா என்பது இன்னும் தீராத வழக்கு. தீரும்வரை சந்தேகத்தின் பலனை அதற்கே தருவேன்.