கேட் எத்தனை மணிக்கு மூடுவார்கள்?

பிளஸ் டூ முடிவு வந்த வாரம் அக்கா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து நாங்கள் நால்வரும் அவளுக்கு ஒரு கல்லூரியைத் தேர்ந்தெடுத்தோம். அக்கா, அத்தான், அத்தானின் அண்ணன், நான். அவள் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு அறைவாசலில் நின்றாள். காட்சித் தொடர்பியல்தான் படிப்பேன், விஸ்காம்தான், என்பதில் அவள் விட்டுக்கொடுக்கவில்லை. எந்தக் கல்லூரி என்பதை எங்களிடம் விட்டிருந்தாள். அல்லது விட்டுவிட்டாள் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

கடைசியில் இரண்டு இடங்கள் மிஞ்சின. ஒன்று சென்னையில், இருபாலரும் படிக்கும் கல்லூரி. ஸ்டுடியோ, எடிட்டிங் லேப், அங்கே படித்துவிட்டுப் படம் எடுத்தவர்கள் என்று ஒரு வரிசை. இன்னொன்று எங்கள் ஊரிலேயே இருக்கும் மகளிர் கல்லூரி. வீட்டுக்கு இருபது நிமிடத் தூரம், கல்லூரிப் பேருந்து வாசலுக்கே வரும். குடும்பத்தில் கல்லூரி ஆசிரியை நான் ஒருத்திதான். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். "இங்கேயே இருக்கட்டும். பாதுகாப்பா இருக்கும்" என்றேன்.

அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அங்க கேமராவை வெளிய கொண்டுபோக விடுவாங்களா சித்தி?"

அதுவரை நாங்கள் விசாரித்து வைத்திருந்தது கேட் எத்தனை மணிக்கு மூடுவார்கள் என்பதை.

தமிழ் இலக்கியத்தை நான்கு சுவருக்குள் நடத்திவிடலாம். நான் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன், பெருமைப்பட ஒன்றுமில்லை. விஸ்காம் அப்படியல்ல. மூன்று ஆண்டுகளில் ஓவியம், புகைப்படம், விளம்பரம், திரைக்கதை, படத்தொகுப்பு என்று பலவற்றைத் தொட வேண்டும். அதில் பாதியைச் சந்தையிலும் பேருந்து நிலையத்திலும் தேர்தல் கூட்டத்திலும்தான் கற்க முடியும். படம் எடுப்பவர்கள் 'கோல்டன் அவர்' என்று சொல்லும் ஒளி, சூரியன் எழுந்த பிறகு கொஞ்ச நேரமும் விழுவதற்கு முன் கொஞ்ச நேரமும்தான் கிடைக்கும். பல பெண்கள் விடுதிகளில் அந்த இரண்டு பொழுதுக்கும் கதவு சாத்தியிருக்கும். அரசு உதவி பெறும் கல்லூரிகள் பலவற்றில் இந்தப் படிப்பு சுயநிதிப் பிரிவில் இருக்கிறது, சில இடங்களில் மதியத்துக்கு மேல் தொடங்கும் இரண்டாம் ஷிப்டில். வகுப்பு முடிந்து வெளியே வரும்போது இருட்டத் தொடங்கிவிடும்.

அகப்பொருளில் இற்செறிப்பு என்று ஒன்று உண்டு. மகளுக்குக் காதல் என்ற ஐயம் வந்ததும் அவளை வீட்டுக்குள் வைத்துக் காவல் காப்பது. நான் விளக்கி முடிப்பதற்குள் மாணவிகள் தங்கள் தெருவிலிருந்தே உதாரணம் சொல்லிவிடுவார்கள். காக்கப்படுவது பெண்ணா, வீட்டின் பெயரா என்று அவர்களிடம் கேட்பவள் நான். அன்று கூடத்தில் அந்தக் கேள்வி எனக்கு வரவில்லை.

பயம் பொய்யல்ல. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே ஒரு மாணவி பாலியல் வன்முறைக்கு ஆளானார். அவர் கொடுத்த புகாரின் முதல் தகவல் அறிக்கையும் இணையத்தில் கசிந்தது. செய்தியைப் பார்த்ததும் எனக்கு முதலில் தோன்றியது, "நல்லவேளை, நம்ம பொண்ணு இங்க இருக்கா." அடுத்த நொடி ஒரு நிம்மதி, நான் சொன்னது சரியாகிவிட்டது என்பதைப் போல. இன்னொருத்தியின் துயரத்தை என் பக்கத்துக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டேன். அதை எழுதாமல் இந்தக் கட்டுரையை எழுத முடியாது.

மகளிர் கல்லூரிக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. மாணவர் குறும்பட விழாக்களுக்கு நடுவராகப் போயிருக்கிறேன். நான் பார்த்த இருபாலர் கல்லூரிப் படங்களில் இயக்கம், ஒளிப்பதிவு என்று வந்தால் பெரும்பாலும் பையன்கள் பெயர். பெண்கள் நடிப்பில், உடையில். மகளிர் கல்லூரியில் டிரைபாட் தூக்குவதும் லைட் கட்டுவதும் பெண்களே. ஆனால் படம் முழுக்க அதே வேப்பமரம், அதே மாடிப்படி. பேய் வருவதும் அங்கேதான், விவசாயி அழுவதும் அங்கேதான்.

1985இல் 'சின்ன வீடு' படத்துக்கு ஒளிப்பதிவு செய்த பி. ஆர். விஜயலட்சுமி, அசோக்குமாரிடம் உதவியாளராக இருந்து தொழில் கற்றவர். இயக்குநர் பி. ஆர். பந்துலுவின் மகள். அப்படியொரு வீட்டில் பிறக்காத பெண்ணுக்குக் கேமராவை நோக்கிப் போகக் கல்லூரி ஒன்றுதான் வழி. எங்கள் வீட்டில் சினிமாவோடு தொடர்பு என்றால் தாத்தா டூரிங் டாக்கீஸில் டிக்கெட் கிழித்தது மட்டும்தான்.

இதுவரை எழுதியதெல்லாம் உண்மை. ஆனால் அன்று நான் அந்தப் பதிலைச் சொன்னதற்குக் காரணம் இவை எதுவும் இல்லை. சுயநிதிக் கட்டணமும் சென்னை விடுதிச் செலவும் சேர்ந்தால் அத்தானால் முடியாது. முடியாது என்பதும் சரியல்ல. அடுத்த ஆண்டு தம்பி பொறியியல் சேர வேண்டும், அதற்கென்று பணம் இருந்தது. முந்தைய நாள் இரவு அக்கா போனில் சொல்லியிருந்தாள். "நீயே சொல்லிடு, நாங்க சொன்னா அழுவா" என்றாள். நான் சொன்னேன். பணம் என்ற சொல்லை எடுக்காமல், தம்பி என்ற சொல்லை எடுக்காமல்.

பணமில்லை என்றிருந்தால் அவள் பேசியிருக்கலாம். கல்விக் கடன் இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்தவள், புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். தம்பிக்கு வைத்திருப்பதில் பாதி எனக்கு ஏன் இல்லை என்றுகூடக் கேட்டிருக்கலாம். பாதுகாப்பு என்ற பிறகு என்ன பேசுவாள்? அன்பாகச் சொன்ன சொல்லுக்கு எதிராக ஒரு பெண் பேசினால் அவள் அடங்காதவள். அவள் எங்கும் போகக் கூடாது என்று நான் நினைக்கவில்லை. ஆனால் உண்மையான காரணத்தைச் சொல்லியிருந்தால் அவள் சண்டை போட்டிருப்பாள். சண்டை போடும் உரிமையைத்தான் நான் எடுத்துக்கொண்டேன். பெண் விடுதலை பற்றி இரண்டு கவிதைத் தொகுப்பு போட்டவள்.

போன பொங்கலுக்கு மொட்டைமாடியில் அவளிடம் சொன்னேன். கடன் வாங்கிய கேமராவில் பக்கத்துத் தெருக் கோலங்களை எடுத்துக்கொண்டிருந்தாள். எடுத்து முடிக்கும்வரை திரும்பவில்லை.

"தெரியும் சித்தி. அம்மா போன்ல பேசுனது அன்னிக்கே கேட்டுச்சு."

கேமராவைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

"தம்பிக்கு வருசத்துக்கு எவ்வளவு கட்டுறாங்க? அது மட்டும் எனக்கு யாரும் சொல்ல மாட்டேங்குறாங்க."

எனக்குத் தெரியும். சொன்னேன்.