அமுக்கிட்டா

என் அக்காவுக்குப் பெயர் இல்லை. பங்குனியில் முத்துமாரியம்மன் கோயில் திருவிழா வரட்டும், அப்போது பெயர் வைக்கலாம் என்று வீட்டில் காத்திருந்தார்கள். எழுபத்தோராவது நாள் விடியலில் அவள் பாயில் அசையாமல் கிடந்தாள். 1993, நார்த்தாமலை.

அன்று காலையே ஊர் காரணம் சொல்லிவிட்டது. "தூக்கத்துல அமுக்கிட்டா" என்றார்கள் சிலர். கொஞ்சம் இரக்கமுள்ளவர்கள் "பால் பொரையேறிருச்சு" என்றார்கள். மூன்றாவதைக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்கள்: "பொட்டப்புள்ளதானே." உசிலம்பட்டியின் பெண்சிசுக் கொலைகளை 1986இல் இந்தியா டுடே எழுதியிருந்தது; 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியிருந்தது. அந்த ஆண்டுகளில் பெண்குழந்தையைப் பறிகொடுத்தவளை ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டுத்தான் துக்கம் விசாரித்தார்கள் என்று அம்மா சொல்வாள்.

ஒரு பேச்சில் அவள் உடம்பின் கனம், ஒன்றில் அவள் முலை, ஒன்றில் அவள் கை. அதே அறையில் படுத்திருந்த அப்பா எந்தப் பேச்சிலும் வரவில்லை. அவர் படுக்கையில் உட்கார்ந்து பீடி பிடிப்பவர்.

என் மகள் பிறந்து இரண்டு மாதம் இருக்கும். மதியம் அவளை அம்மா தன் பக்கத்தில் போட்டுக்கொண்டு கண் அயர்ந்தாள். நான் சத்தமில்லாமல் குழந்தையை எடுத்துத் தனிப் படுக்கையில் மல்லாக்கப் படுக்க வைத்தேன். தலையணை கிடையாது, போர்வை முகத்துக்கு வராது, படுக்கை தட்டையாக, அமுங்காமல் இருக்கும், அறைக்குள் யாரும் புகைக்கக் கூடாது, ராத்திரி நம் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில். ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான். அம்மா தூங்கவில்லை போலிருக்கிறது.

"ஏண்டி எடுத்த?"

சொன்னேன். ரொம்ப நேரம் கழித்துக் கேட்டாள்: "அவளுக்கு வாயு. அழுதுக்கிட்டே இருந்தா. குப்புறப் போட்டு முதுகத் தட்டுனேன், தூங்கிட்டா. நானும் தூங்கிட்டேன். அப்ப நாந்தான் காரணமா?"

இல்லம்மா என்றேன். பொய் சொன்னேனா என்பதுதான் அன்றிலிருந்து என் கேள்வி.

நான் படித்தவரை விஷயம் இது. ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தை தூக்கத்தில் இறந்து, உடற்கூராய்வு செய்து, இறந்த இடத்தைப் பார்த்து, நோய் வரலாற்றைக் கேட்டும் காரணம் பிடிபடாவிட்டால்தான் அதைத் திடீர் சிசு மரணம் என்பார்கள். இரண்டு முதல் நான்கு மாதத்துக்குள்தான் அது அதிகம். குப்புறப் படுக்கை, மெத்தென்ற விரிப்பு, புகை, அளவுக்கு மீறிய சூடு, களைத்துப்போனவரின் பக்கத்துப் படுக்கை ஆகியவை அபாயத்தைக் கூட்டும், தாய்ப்பால் குறைக்கும். என் அக்காவை யாரும் ஆராயவில்லை. ஆகவே அவள் எதனால் இறந்தாள் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் பழைய சேலைகளை மடித்துப் போட்ட விரிப்பு, குப்புறப் படுக்கை, பீடிப் புகை மூன்றும் அந்த அறையில் இருந்தன. இதையும் நான் மறைக்க முடியாது.

அம்மாவுக்குத் தெரிந்திருக்க வேண்டுமா? அமெரிக்க டாக்டர் பெஞ்சமின் ஸ்பாக்குக்கே தெரியவில்லை. கோடிக்கணக்கில் விற்ற அவருடைய குழந்தை வளர்ப்புப் புத்தகம், 1950களில் வந்த பதிப்பிலிருந்து, குப்புறப் போடச் சொன்னது. மல்லாந்து கிடந்து வாந்தியெடுத்தால் மூச்சடைக்குமாம். உண்மையில் மல்லாந்து கிடக்கும்போது மூச்சுக்குழல் மேலேயும் உணவுக்குழல் கீழேயும் இருப்பதால் கக்கிய பால் மூச்சுக்குழலுக்குள் ஏறுவது கடினம். பழைய ஆய்வுகளையெல்லாம் ரூத் கில்பர்ட்டும் மற்றவர்களும் திரட்டி 2005இல் எழுதினார்கள்: குப்புறப் படுக்கையின் ஆபத்தை 1970லேயே கண்டுகொண்டிருக்கலாம், கண்டுகொண்டிருந்தால் பிரிட்டனில் மட்டும் 10,000க்கு மேற்பட்ட குழந்தைகளும், ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியப் பகுதிகளில் குறைந்தது 50,000 குழந்தைகளும் பிழைத்திருக்கலாம். மல்லாக்கப் போடுங்கள் என்று பிரிட்டன் 1991லும் அமெரிக்கா 1994லும் பிரசாரம் தொடங்கின. மரணங்கள் பாதிக்கும் கீழே இறங்கின.

புத்தகம் எழுதியவரை யாரும் கூண்டில் ஏற்றவில்லை. ஏறியவள் சாலி கிளார்க். இங்கிலாந்தில் வழக்கறிஞர், இரண்டு ஆண் குழந்தைகளைப் பறிகொடுத்தவர். ஒரே வீட்டில் இப்படி இரண்டு மரணம் நிகழ 7.3 கோடியில் ஒரு வாய்ப்புத்தான் என்று ராய் மெடோ என்ற குழந்தை மருத்துவர் சாட்சி சொன்னார். 8,543இல் ஒன்று என்பதை அதே எண்ணால் பெருக்கிய கணக்கு அது. ஒரே வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரே பரம்பரை, ஒரே சூழல் என்பது அதில் இல்லை. 1999இல் ஆயுள் தண்டனை, 2003இல் விடுதலை, 2007இல் இறந்துபோனார். நம் ஊர் வாய்மொழியில் சொன்னதை அங்கே கணக்குப் போட்டுச் சொன்னார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

நம் பேச்சில் ஒரு சிக்கல் இருக்கிறது. "நீதான் காரணம்" என்று யாரும் யாரிடமும் ஒரு நல்ல செய்திக்காகச் சொல்லிக் கேட்பது அரிது. காரணம் என்றாலே குற்றம். மருத்துவர் சொல்லும் காரணத்தில் குப்புறப் படுக்கை இருக்கலாம். குற்றம் என்றால், தெரிந்தும், வேறு வழி இருந்தும் செய்திருக்க வேண்டும். அம்மாவுக்கு இரண்டும் இல்லை. அவள் பிள்ளை பெற்ற ஐம்பதாவது நாள் கல் உடைக்கப் போனவள். பகலெல்லாம் வெயிலில் சுத்தியல்; ராத்திரி குழந்தை. அபாயம் உச்சத்தில் இருக்கும் மாதங்களும் தினக்கூலிக்காரி வேலைக்குத் திரும்பும் மாதங்களும் ஒன்றாகவே இருக்கின்றன. எங்கள் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டியின் பெயரில் இன்று மகப்பேறு நிதியுதவி இருக்கிறது, நல்லதுதான். ஆனால் களைத்தவள் குழந்தையோடு படுக்காதே என்று சொல்வதற்கு முன், அவள் ஏன் களைத்தாள் என்றும் யாராவது கேட்க வேண்டும்.

எனக்குச் சம்பளத்தோடு 26 வாரம் விடுப்பு. ராத்திரி எழுந்து குழந்தையைத் தட்டிக்கொடுக்கும் கணவர். அப்படியும் ஒருநாள் விடியற்காலை மூன்று மணிக்குத் திடுக்கிட்டு விழித்தபோது மகள் என் முழங்கை மடிப்பில் கிடந்தாள். எப்போது தூங்கினேன் என்று தெரியாது. அதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை, பிறகு சொன்னேன்.

"தெரியும்," என்றாள். "நான் வந்து பாத்துட்டுத்தான் போனேன்."

அவள் எல்லோரையும் அப்படித்தான் பார்க்கிறாள். முப்பது வருஷமாக, தூங்குகிறவர் யாராக இருந்தாலும், விரலின் புறத்தை மூக்குக்குக் கீழே ஒரு நொடி வைத்து எடுப்பாள். எனக்கு வைத்திருக்கிறாள். அப்பாவுக்கும்.