பாட்டியின் அட்டிகை யாருக்குச் சொந்தம்?

நம் வீடுகளில் பழைய நகை தனியாகக் கைக்கு வருவதில்லை. "இது உங்க பாட்டி போட்டது, பத்திரம்" என்ற சொல்லும் கூடவே வரும். இந்தப் 'பத்திரம்' என்பதற்கு என்ன பொருள்? பூட்டி வைப்பதா, போட்டுக்கொள்வதா, தேவை வந்தால் விற்றுவிடுவதா?

இதை நான் சும்மா கேட்கவில்லை. எங்கள் சமய வகுப்பில் ஒரு தங்கை கேட்டாள்: "அண்ணா, பாட்டியோட அட்டிகைய வித்து என் தாதியர் படிப்புக்குக் கட்டலாம்னு அப்பா சொல்றாரு. அம்மா வேணாம்னு அழுவுறாங்க. யாரு சொல்றது தர்மம்?" பாதிப் பேர் உடனே 'வித்துடு' என்றார்கள். மீதிப் பேர் 'பாவம்' என்றார்கள். இரு பக்கமும் அவசரப்பட்டதாகவே எனக்குப் பட்டது.

முதலில் அந்த அட்டிகை எதற்காக வாங்கப்பட்டது என்று பார்ப்போம். தோட்டத்தில் பால்மரம் வெட்டிய பாட்டிமாருக்கு வங்கிக் கணக்கு ஏது? லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலை போனால் வீடும் போகும். கையோடு எடுத்துக்கொண்டு போகக்கூடிய சொத்து என்றால் காதிலும் கழுத்திலும் கிடந்ததுதான். 1942 முதல் 1945 வரை ஜப்பான்காரன் காலத்தில் வாழைமர நோட்டு புழங்கியது. அந்த ஆட்சி முடிந்ததும் அது வெறும் காகிதமானது, தங்கம் தங்கமாகவே இருந்தது. அதைக் கண்ணால் பார்த்த தலைமுறை, கூட்டுப் பிடித்த பணத்தை நகையாக மாற்றிக்கொண்டதில் வியப்பில்லை. பள்ளிக்கூடம் திறக்கும்போது வளையல் அடகுக்கடைக்குப் போகும். தீபாவளிக்கு முன்னே எப்படியாவது மீட்டுவிடுவார்கள். வீட்டில் இருந்ததைவிட அடகுக்கடையில் இருந்த நாள்தான் அதிகம் என்று சில வளையல்களைப் பற்றிக் கிண்டல்கூட உண்டு.

ஆக, பாட்டி அதை அழகுக்கு மட்டும் வாங்கவில்லை. பேத்தி படிப்பதற்காக அது போவதைப் பார்த்தால் அவள் கோபித்துக்கொண்டிருக்க மாட்டாள் என்றே நினைக்கிறேன்.

அப்படியானால் அம்மாவின் அழுகை அறியாமையா? இல்லை. தன் தாயின் கழுத்தைத் தொட்ட பொருள் இனி வீட்டில் இருக்காது என்று அவர் அழுகிறார். கல்லில் கடவுளைக் காண்கிற நாம், கல் வைத்த அட்டிகையில் ஒரு மகள் தன் தாயைக் காண்பதைப் பார்த்துச் சிரிக்க முடியாது. ஆனால் அதே வழிபாட்டில் இன்னொன்றும் இருக்கிறது. பூஜை தொடங்கும்போது மஞ்சளைப் பிடித்துவைத்துப் பிள்ளையாராக எழுந்தருளச் செய்கிறோம். முடிந்ததும் மரியாதையோடு வழியனுப்பி, மஞ்சளை நீரில் கரைக்கிறோம். உருவம் கரைந்ததால் பிள்ளையார் அழிந்தார் என்று எந்தப் பக்தரும் சொல்வதில்லை.

அடுத்து, யார் முடிவு செய்வது? என்னைக் கேட்டால் இதுதான் பெரிய கேள்வி. வான்மீகி இராமாயணத்தில் சீதையின் சூடாமணி அவள் திருமணத்தின்போது ஜனகர் கொடுத்தது. அசோகவனத்தில் அதை அவளே எடுத்து அனுமனிடம் கொடுக்கிறாள். அதைப் பார்த்ததும் இராமர் கலங்குகிறார். சிலப்பதிகாரத்தில் செல்வமெல்லாம் தொலைத்துவிட்டு வந்த கோவலனிடம், சிலம்பு இருக்கிறது என்று கண்ணகியே சொல்கிறாள். அதை முதலாக வைத்துப் பிழைக்கத்தான் மதுரைக்குப் போகிறார்கள். ஒன்று அடையாளமாகப் பயன்பட்டது, மற்றொன்று மூலதனமாக. ஆனால் இரண்டையும் கொடுத்தவள் அதற்கு உரியவள்தான். பெண்ணுக்கு வந்த நகையைத் தர்ம சாஸ்திரங்கள் ஸ்திரீதனம் என்கின்றன. பஞ்சம், நோய் போன்ற கடும் நெருக்கடியில் கணவன் அதை எடுத்துக்கொள்ள நேரலாம் என்று யாக்ஞவல்க்ய ஸ்மிருதி விதிவிலக்குத் தருகிறது. விதிவிலக்கு என்று சொல்ல வேண்டியிருந்தது என்றாலே பொதுவிதி என்னவென்று புரிகிறதல்லவா?

அதனால் அந்தத் தங்கையிடம் நான் சொன்னது: அப்பா நல்லதைத்தான் சொல்கிறார், ஆனால் அது அவர் எடுக்க வேண்டிய முடிவில்லை. அம்மா மனசார 'சரி' என்றால் விற்கலாம். அழ வைத்து வாங்கினால், படிப்புக்கே என்றாலும் அது பறித்ததுதான். அந்த 'சரி' வர ஒரு மாதம் ஆனால், கட்டணத்துக்கு அந்த ஒரு மாதம் வேறு வழி தேடுவது அப்பாவின் வேலை.

அண்ணனுடைய மோட்டார் சைக்கிளுக்கும், கல்யாண மண்டப ஆடம்பரத்துக்கும் பாட்டி நகையைக் கேட்பவர்களுக்கு இந்த நியாயம் எதுவும் பொருந்தாது. புது டிசைனுக்காக அழித்துச் செய்வதும் எனக்கு உடன்பாடில்லை. கடையில் கல் எடையைக் கழிப்பார்கள், பழைய தங்கத்தின் மாற்றைப் பார்த்து விலையைக் குறைப்பார்கள், புதியதற்குச் செய்கூலி கேட்பார்கள். பாட்டியும் போய், பவுனும் குறையும்! கனமான ஒரு ஜோடித் தோட்டை இரண்டு பேத்திகளுக்குச் சின்னதாக மாற்றித் தருவது வேறு விஷயம். அது பங்கிட்டுக் கொடுப்பது.

வங்கிப் பெட்டகத்தில் பத்து வருடம் தூங்கும் நகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வழிப்பறிப் பயம் நிஜம்தான், மறுக்கவில்லை. வீட்டுப் பூஜைக்காவது போட்டுக்கொள்ளலாமே. அடுத்த முறை அம்மா நகைப் பெட்டியைத் திறக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, இது எத்தனை தடவை அடகுக்குப் போனது, எதற்காகப் போனது என்று கேட்டுப் பாருங்கள். "உங்க பெரியப்பா ஐந்தாம் படிவப் பரீட்சைக்கு" என்று பதில் வரலாம். பெரியப்பாவுக்கே அது தெரியாமல் இருக்கலாம்.