படகில் இருப்பவர்

ஆழிக்குமரன் ஆனந்தனைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் இரண்டு மனிதர்கள் என் முன்னே வந்து நிற்பார்கள். ஒருவர் 1971 இல் மன்னார்க் கரையிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்திப்போய், 51 மணித்தியாலத்தில் திரும்பியும் வந்த வீரர். மற்றவர் 1984 ஓகஸ்டில், தமது 41 ஆவது வயதில், ஆங்கிலக் கால்வாயைக் கடக்க முயன்று உயிர் நீத்தவர். முன்னவரைத் துணிச்சல்காரர் என்கிறோம். பின்னவரைப் பற்றிப் பேசும்போது, “நாற்பதைத் தாண்டியும் இதெல்லாம் தேவைதானா?” என்று குரலைத் தாழ்த்துகிறோம். மனிதர் ஒருவர்தான், ஆசையும் ஒன்றுதான். கரையேறியவனை மெச்சுவதும் ஏறாதவனைக் கடிவதும் யோசிக்கச் சோம்பல்படுகிறவர்களின் நீதி.

‘உடம்பு அமானிதம், அதைப் பணயம் வைக்க உனக்கு உரிமையில்லை’ என்பார்கள் சிலர். சரிதான். ஆனால் இதே ஆட்கள் கலியாண வீட்டுச் சகனில் இறைச்சியை மலையாகக் குவித்துச் சாப்பிடுபவரிடம் அமானிதத்தை நினைவூட்டக் கண்டதில்லை. நமது சமூகம் வளர்ந்த ஆணுக்கு வியாபாரத்திலும் வீடு கட்டுவதிலும் மட்டுமே பேராசையை அனுமதித்திருக்கிறது. ஐம்பது வயதில் வீதியில் ஓடுபவனைப் பார்த்துச் சிரிக்கிறது. அந்தச் சிரிப்பை நான் ஏற்கவில்லை.

என்னை அலைக்கழிப்பது வேறொரு கேள்வி.

கால்வாயின் மிகக் குறுகிய தூரம் ஏறத்தாழ 33 கிலோமீற்றர். பாக்கு நீரிணை வெதுவெதுப்பானது. கால்வாயோ கோடையிலும் 15 முதல் 18 பாகைதான். குளிர் தாங்கும் உடை அணிந்து கடந்தால் அங்கே முறையான நீச்சலாகக் கணக்கிடமாட்டார்கள். உடல் வெப்பம் குறையக் குறையக் கையும் காலும் தளரும், புத்தியும் மங்கும். “எனக்கு ஒன்றுமில்லை, இன்னும் கொஞ்சத் தூரம்” என்று அவன் சொல்வது மனவுறுதியா, மயக்கமா என்பது அவனுக்கே தெரியாது. கூடவரும் படகிலிருந்து நீண்ட கோலிலோ கயிற்றிலோ ஆகாரம் நீட்டலாம். தொடக்கூடாது, தொட்டால் நீச்சல் முடிந்தது. அன்போடு கை நீட்டுகிறவனே அவனுடைய கனவையும் முடிப்பவனாகிறான்.

சிறுவனுக்கு மறிக்க வாப்பா இருக்கிறார், பயிற்றுநர் இருக்கிறார். வளர்ந்தவனுக்கு யார்? தெளிந்த புத்தியோடு கரையில் நிற்கும்போதே அந்த அதிகாரத்தை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு இறங்குகிறவனின் ஆசை எனக்கு நியாயமாகப் படுகிறது. அமெரிக்கப் பெண்மணி டயானா நயாட் கியூபாவிலிருந்து புளோரிடாவுக்கு நீந்த 1978 இல் தொடங்கினார். நான்கு தடவை நடுக்கடலில் படகேற வேண்டியதாயிற்று. 2013 இல், 64 வயதில், ஐந்தாம் தடவையாகத்தான் கரை சேர்ந்தார். (அந்த நீச்சல் முறைப்படி உறுதிசெய்யப்படாதது தனிக்கதை.) நான்கு தடவை படகேறியதால்தான் ஐந்தாவது தடவை என்று ஒன்று இருந்தது.

ஆனால் மறிப்பவரின் பாரத்தை யார் நினைக்கிறார்கள்? பிந்தினால் உயிர் போகும். முந்தினாலோ, இன்னும் ஒரு மணித்தியாலம் விட்டிருந்தால் முடித்திருப்பேனே என்ற பேச்சை ஆயுள் முழுக்கக் கேட்க வேண்டும்.

நண்பரொருவர் 52 வயதில் முழு மரதனுக்கு, 42.195 கிலோமீற்றருக்கு, ஆயத்தமாகிறார். மறிப்பது யார் என்று கேட்டேன்.

“ஊட்டுக்காரி.”

“சொன்னாக் கேப்பீங்களா?”

“முப்பது கிலோமீற்றருக்கு முந்திச் சொன்னாக் கேப்பன்.”

அவர் மனைவிக்கு இந்த நிபந்தனை தெரியுமா என்று நான் கேட்டதற்கு, அவர் பேச்சைச் சப்பாத்து விலைக்கு மாற்றிவிட்டார்.