பெயர் சொல்லி நினைத்தல்

நாகாலாந்தின் தலைநகர் கொஹிமாவில் காரிஸன் ஹில் என்றொரு குன்று உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது, 1944 ஏப்ரலில், அங்கே ஆங்கிலேயத் துணை ஆணையரின் பங்களாவும் அதையொட்டி ஒரு டென்னிஸ் மைதானமும் இருந்தன. அந்த மைதானத்தின் இந்தக் கரையில் பிரிட்டிஷ் இந்தியப் படை, அந்தக் கரையில் ஜப்பானியப் படை. கையெறி குண்டை வீசினால் போய் விழும் தூரத்தில் இருந்துகொண்டு நாள்கணக்கில் சண்டையிட்டார்கள். இன்று அந்தக் குன்று போர்க் கல்லறைத் தோட்டம். 1,420 பேர் அங்கே புதைக்கப்பட்டிருக்கிறார்கள். சமய வழக்கப்படி எரியூட்டப்பட்ட 917 இந்து, சீக்கிய வீரர்களுக்கான நினைவுச்சின்னம் தோட்டத்தின் உச்சியில் நிற்கிறது. இத்தகைய இடங்களைப் போற்றுவது போரையே போற்றுவதாகிவிடாதா என்று பலர் கேட்கிறார்கள். ஆகாது என்பதே என் பதில், ஒரு நிபந்தனையோடு: நாம் அங்கே வெற்றியை நினைக்கக் கூடாது, ஆளை நினைக்க வேண்டும். ஆளை நினைக்கத் தொடங்கிவிட்டால், நமக்கு வேண்டியவர்களோடு நிறுத்திக்கொள்ளவும் கூடாது.

ஆளை நினைப்பது என்பதன் பொருளை அந்தத் தோட்டத்தின் அமைப்பே சொல்கிறது. அதைப் பராமரிப்பது 1917இல் தொடங்கிய போர்க் கல்லறை ஆணையம். அடுத்த ஆண்டே ஃபிரெடெரிக் கென்யன் அதற்கொரு நெறியை வகுத்துத் தந்தார்: அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் ஒரே வகைக் கல், பணக்காரக் குடும்பம் தன் பிள்ளைக்குத் தனி மண்டபம் எழுப்ப முடியாது. பிள்ளையின் உடலைக்கூட ஊருக்குக் கொண்டுபோக விடாத அரசுமீது பெற்றோர் பலர் கொதித்தார்கள். 1920இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்திலேயே இது விவாதமானது. அவர்களுடைய துக்கம் நியாயமானது. ஆனாலும் நெறி நிலைத்தது நல்லதே. பெயர், படைப்பிரிவு, இறந்த நாள், தெரிந்தால் வயது. ஒரு கல்லில் முதன்மையாக இருப்பவை இவைதான். ஆயிரம் பேர் மாண்டார்கள் என்ற செய்தியை யாரும் எளிதில் கடந்துவிடலாம். ஒரு பெயரையும் அதன்கீழ் பத்தொன்பது என்ற வயதையும் படித்தவர் அவ்வளவு எளிதில் நகர மாட்டார். வெற்றித்தூண் அண்ணாந்து பார்க்கச் சொல்கிறது. இந்த நடுகற்களைப் படிக்கக் குனிய வேண்டும்.

அது நம்மை அடிமைப்படுத்திய பேரரசின் போர், அதில் செத்தவர்களை நாம் ஏன் நினைக்க வேண்டும் என்பது வலுவான மறுப்பு. பேரரசு தன் நெறியை எல்லாருக்கும் ஒன்றுபோல் காக்கவும் இல்லை. முதல் உலகப் போரில் மாண்ட இந்திய, ஆப்பிரிக்க வீரர்கள் பல்லாயிரம் பேருக்குச் சமமான நினைவு மறுக்கப்பட்டதை ஆணையமே 2021இல் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. பெயரே பொறிக்கப்படாதவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் இருக்கலாம் என்றது அந்த அறிக்கை. இந்த அநீதி என் வாதத்தைத் தளர்த்தவில்லை, உறுதிப்படுத்துகிறது. பெயரை மறுப்பது இழிவென்றால், பெயரைப் பொறிப்பது மரியாதைதானே? இம்பால், கொஹிமா போர்முனையில் எதிரணியிலும் இந்தியர் இருந்தார்கள். நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் ஏராளம். கூலிக்குப் போனவனுக்கும் விடுதலைக்குப் போனவனுக்கும் நோக்கம் வேறு. வரலாறு அதை எடைபோடட்டும். இருவருக்காகவும் ஊரில் ஒருத்தி காத்திருந்தாள் என்பதை எடைபோட வேண்டியதில்லை.

ஜப்பானியருக்கும் இது பொருந்தும். படையெடுப்பாளர்களை நினைப்பது அவர்கள் செய்த கொடுமையை மறைப்பதாகும் என்பார்கள். ஆனால் அந்தச் சிப்பாய்கள் பட்ட பாட்டையும் பார்க்க வேண்டும். ஜப்பானியத் தளபதி முதகுச்சி மூன்று வாரத்துக்கான உணவோடு தன் படைகளை மலை கடக்க அனுப்பினார்; மிச்சத்தை எதிரியிடம் பறித்துக்கொள்ளலாம் என்பது திட்டம். கொஹிமாவில் போரிட்ட 31ஆவது டிவிஷனின் தளபதி சாத்தோ, பட்டினி கிடந்த தன் ஆட்களைக் கட்டளையை மீறிப் பின்வாங்கச் செய்தார். அதற்காகப் பதவியை இழந்தார். அந்தப் படையெடுப்பில் மாண்ட ஜப்பானியரில் பெரும்பகுதியினரைக் கொன்றது பசியும் நோயும். இதை நினைவில் வைப்பது எந்தக் குற்றத்தையும் மறைக்காது. குற்றம் எங்கே தொடங்கியது என்பதைக் காட்டும். பெரும்பாலும் கல்லே இல்லாமல் போனவர்கள் அந்த மண்ணின் மக்களான நாகர்கள். வழிகாட்டியவர்கள், உளவு சொன்னவர்கள், குண்டுமழைக்கு நடுவே காயம்பட்டவர்களைச் சுமந்து மலையிறங்கியவர்கள் அவர்கள். யாரோ இருவரின் சண்டையில் அவர்களுடைய ஊர் எரிந்தது.

செத்தவருக்குச் செலவிடுவதை இருப்பவருக்குச் செலவிடலாமே என்பது கடைசி மறுப்பு. பசித்தவருக்குச் சோறு முதலில்தான். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், செத்தவர்களை ஒவ்வொருவராக எண்ணாத சமூகம், அடுத்த தலைமுறையை மொத்தமாக அனுப்பத் தயங்காது. கொஹிமாவில் பிரிட்டிஷ் 2ஆவது டிவிஷனின் நினைவுக்கல், ஊர் திரும்புகிறவர்களிடம் தங்களைப் பற்றிச் சொல்லும்படி கேட்கிறது. சொல்வோம். சொல்லும்போது குன்றின் உச்சியில் நினைக்கப்படும் 917 பேரையும், திரும்பும் வழியில் பசியால் விழுந்தவர்களையும், சுமந்து இறங்கிய நாகரையும் சேர்த்தே சொல்வோம். யாரையேனும் விட்டுவிட்டுச் சொன்னால் அது அஞ்சலி ஆகாது. அடுத்த போருக்கான ஆள்சேர்ப்பு ஆகிவிடும்.