தொழில் கற்றுத்தந்த கம்பெனியை விட்டுப் போகலாமா?



நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரங்களில் லாரியை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் ஏராளம். அக்குடும்பங்களில் அடிக்கடி எழும் ஒரு கேள்வியை இவ்வாரம் எடுத்துக்கொள்வோம்.

ஒரு வாலிபன் பதினெட்டாம் வயதில் லாரிக் கம்பெனி ஒன்றில் கிளீனராகச் சேருகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். தார்ப்பாய் கட்டுகிறான், டயரைத் தட்டிப் பார்க்கிறான், வழியில் ஸ்டவ்வைப் பற்றவைத்துச் சோறு வடிக்கிறான். கனரக வாகன லைசென்ஸுக்கு இருபது வயது நிறைய வேண்டும். அதற்கு முன் இலகு வாகன லைசென்ஸ் ஓராண்டாவது கையில் இருக்க வேண்டும். டிரைவிங் பள்ளிச் சான்றிதழும் வேண்டும். இவற்றுக்கெல்லாம் கம்பெனியே பணம் கட்டுகிறது. பையனிடம் மூன்று வருஷம் இருப்பதாக ஒரு வார்த்தை வாங்கிக்கொள்கிறது. ஸ்டியரிங் அவன் கைக்கு வந்து நன்றாக ஓட்டத் தொடங்கிய சமயம் பார்த்து, வேறொரு கம்பெனி மாதம் நாலாயிரம் ரூபாய் அதிகம் தருவதாகச் சொல்லியனுப்புகிறது. போகலாமா, இருக்க வேண்டுமா?

வீட்டில் உடனே இரண்டு கட்சி ஏற்படும். “சோறு போட்ட இடமடா, விட்டுவிட்டுப் போனால் பாவம்” என்பாள் தாய். “அவர்கள் என்ன தர்மத்துக்கா கற்றுத் தந்தார்கள்? வண்டி ஓட ஆள் வேண்டும், கற்றுத் தந்தார்கள். நீ கிளம்பு” என்பார் மாமன். இருவரும் கெட்ட எண்ணத்தில் பேசவில்லை. ஆயினும் இருவருமே இரண்டு வேறு கடன்களை ஒரே மூட்டையில் போட்டுக் கட்டிவிடுகிறார்கள். மூட்டையை அவிழ்த்துப் பார்ப்போம்.

ஒன்று நீதிக்கடன், மற்றொன்று நன்றிக்கடன். நீதிக்கடனுக்கு அளவு உண்டு. எண்ணிப் பார்க்கலாம், கொடுத்துத் தீர்க்கலாம், தீர்ந்தபின் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே போனாலும் குற்றமில்லை. நன்றிக்கடன் அவ்விதமானதன்று. அதற்கு ரசீது இல்லை. கோர்ட்டில் கேட்க முடியாது. கேட்ட மாத்திரத்தில் அது நன்றியாகவும் இராது.

முதலில் நீதியைப் பார்ப்போம். கம்பெனி பள்ளிக்கும் லைசென்ஸுக்கும் ரூ. 18,000 செலவு செய்தது என்றும், பேசிய காலம் 36 மாதம் என்றும் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். பையன் 30 மாதம் ஓட்டிவிட்டுப் போக விரும்புகிறான். மீதி ஆறு மாதம், அதாவது ஆறில் ஒரு பங்கு. அவன் கொடுக்கவேண்டியது ரூ. 3,000. இதைக் கொடாமல் இரவோடிரவாகப் போகிறவன் பிறர் பொருளை வைத்துக்கொள்கிறான். இதில் மாமனுடைய வாதம் செல்லாது. தர்மத்துக்குக் கற்றுத் தரவில்லை என்பது உண்மையானால், தர்மமாகப் பெறவும் கூடாதல்லவா? அதே கம்பெனி, “போவதானால் ஒரு லட்சம் எடுத்து வை” என்று சொன்னால், அது செலவுக் கணக்கன்று, பயமுறுத்தல். காலி ரோட்டில் ஸ்டியரிங் பழக்கிக் கொடுத்ததற்கு டீசல் கணக்கு எழுத நினைக்கிற முதலாளி, அந்த வண்டி எப்படியும் அவ்வழியே போகவேண்டியதுதானே என்று யோசிக்கட்டும். கிளீனர் சம்பளத்துக்கு அவன் பட்ட பாட்டையும் எதிர்ப்பக்கத்தில் எழுதட்டும்.

நம் நாட்டுச் சட்டமும் ஏறக்குறைய இந்த வழியில்தான் போகிறது. 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74-ம் பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் எவ்வளவு தொகை எழுதியிருந்தாலும், நியாயமான நஷ்டஈட்டுக்குமேல் வாங்க முடியாது. வேலையை விட்ட பிறகும் இன்ன தொழிலே செய்யக்கூடாது என்று தடுப்பதை 27-ம் பிரிவு செல்லாததாக்குகிறது. ஆனால் இதைக் கேட்டு, கையெழுத்துக்கு மதிப்பே இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். கல்யாணில் இருந்த ஓர் ஆலை ஐந்து வருஷ ஒப்பந்தத்தின்பேரில் ஒருவருக்குப் பயிற்சி கொடுத்தது. அவர் இடையிலே போட்டி ஆலைக்கு அதிகச் சம்பளத்துக்குப் போனார். மீதிக் காலம் முடியும்வரை அங்கே அதே வேலையைச் செய்யக்கூடாது என்ற தடையை 1967-ல் சுப்ரீம் கோர்ட் நிலைநிறுத்தியது. 2025 மே மாதத்தில், மூன்று வருஷத்துக்குமுன் விலகினால் இரண்டு லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்று ஒரு பொதுத்துறை வங்கி எழுதி வாங்கியிருந்ததும் செல்லும் என்றே அக்கோர்ட் தீர்ப்பளித்தது. ஆகையால் கையெழுத்துப் போடுமுன் படியுங்கள். படிக்கத் தெரியாவிட்டால் படிக்கத் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள்.

இங்கே மற்றொரு சங்கடம் உண்டு. வாக்குக் கொடுத்தவன் சுயாதீனமாகக் கொடுத்தானா? பாப்பரசர் 13-ம் சிங்கராயர் 1891-ல் தொழிலாளர் நிலையைப்பற்றி எழுதிய நிருபத்தில், பசிக்கும் வேறு வழியின்மைக்கும் பயந்து ஒப்புக்கொண்ட அற்பக் கூலியை, ஒப்புக்கொண்டான் என்ற ஒரே காரணத்தால் நியாயமாக்க முடியாது என்று போதித்தார். அவர் கூலியைப்பற்றிச் சொன்னார். அந்நியாயம் இதற்கும் பொருந்தும் என்பது என் அபிப்பிராயம். தங்கை கலியாணத்துக்கு முன்பணம் வாங்கிய கையோடு வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டவன் எதற்குச் சம்மதித்தான் என்று யார் சொல்ல முடியும்? வாங்கிய கடனைத் திருப்பிக் கேட்கலாம். கடனுக்கு ஈடாக ஆளையே கட்டிவைப்பது வேறு காரியம். அவ்வழக்கத்தை 1976-ம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் ஒழித்ததோடு, அவ்விதக் கடனையும் ரத்துச் செய்தது. டிரைவருடைய அசல் லைசென்ஸை வாங்கி மேசை இழுப்பறையில் பூட்டி வைக்கிற முதலாளி தான் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதை ஆராய்ந்து பார்ப்பது நல்லது.

அமெரிக்காவிலே இது இன்னும் கறாரான வியாபாரமாக நடக்கிறது. அங்கே 2022 பிப்ரவரி முதல், புதிதாகக் கனரக லைசென்ஸ் பெற விரும்புகிறவர் பரீட்சைக்குமுன் முறையான பயிற்சி பெற்றே ஆகவேண்டும். அதற்குப் பல ஆயிரம் டாலர் ஆகும். கையில் பணமில்லாதவரை லாரிக் கம்பெனிகள் தாமே பயிற்றுவித்து, ஓராண்டு அல்லது அதற்குக் கிட்டிய காலம் தங்களிடம் ஓட்டவேண்டும், முன்னதாகப் போனால் பயிற்சிப் பணத்தைக் கட்டவேண்டும் என்று எழுதி வாங்குகின்றன. அப்படியும் ஆள் நின்றார்களா? தொலைதூரச் சரக்கு ஏற்றும் பெரிய கம்பெனிகளில், ஓராண்டில் விலகுகிறவர்களின் தொகை மொத்த டிரைவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறைத் தாண்டியது என்று அந்நாட்டு லாரிச் சங்கமே பல ஆண்டுகளில் கணக்குக் காட்டியிருக்கிறது. வாரக்கணக்கில் வீடு பார்க்காதவனைக் காகிதம் எத்தனை நாள் நிறுத்தி வைக்கும்?

இனி நன்றிக்கு வருவோம். மாமன் கேட்ட கேள்வி லேசானதன்று. தன் லாபத்துக்காக ஒருவன் எனக்குச் செய்த உபகாரம் உபகாரமா? செனேக்கா என்ற ரோமானிய ஞானி இதே கேள்வியை ஆராய்ந்திருக்கிறார். அவருடைய விடையை அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் நன்றியறிதலைப்பற்றிப் பேசும் இடத்தில் எடுத்துக் கையாளுகிறார். கருத்து இதுதான்: தன்னை மட்டும் நினைத்துச் செய்பவன், தன் மாட்டுக்குத் தீனி தேடுகிறவனைப் போன்றவன்; மாடு அவனுக்கு நன்றி சொல்ல வேண்டியதில்லை. ஆனால் தன்னையும் நினைத்து, என்னையும் நினைத்து ஒருவன் செய்திருந்தால், அவனுக்கும் லாபம் கிடைத்ததே என்று நான் சந்தோஷப்பட வேண்டும். அந்த லாபத்தைக் காட்டி நன்றியைத் தள்ளிவிடுவேனானால் நான் நன்றிகெட்டவன்.

ஆகவே, தம்பி, நீ கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, “கம்பெனிக்கு லாபம் கிடைத்ததா?” என்பதன்று. கிடைத்துத்தான் இருக்கும். “அவர்கள் மனதில் நானும் இருந்தேனா?” என்று கேள். காய்ச்சல் வந்தபோது டிரிப் நிறுத்தி வீட்டுக்கு அனுப்பினார்களா? முதல் தடவை வண்டியைச் சுவரில் உரசியபோது சம்பளத்தில் பிடித்தார்களா, சொல்லித் திருத்தினார்களா? இதற்கெல்லாம் விடை உனக்குத் தெரியும். என்னிடம் கேட்க வேண்டியதில்லை.

அவர்கள் மனதில் நீ இருந்தாய் என்றே விடை வந்தாலும், அதனால் என்றென்றைக்கும் அங்கேயே இருக்க வேண்டும் என்று ஏற்படாது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்றார்கள் பெரியோர். நினை என்றார்களே தவிர, அவர் வாசலை விட்டு நகராதே என்று சொல்லவில்லை. தாய்மார்கள் இதைச் சற்றுக் கவனிக்க வேண்டும். நமக்குச் செஞ்சோற்றுக்கடன் என்ற சொல்லைக் கேட்டதும் கர்ணன் நினைவு வருகிறது, கண்ணும் கலங்குகிறது. அங்க தேசத்தை அளித்துச் சபையில் தன் மானத்தைக் காத்த துரியோதனனை அவன் கடைசிவரை விடவில்லை. அவன் பெருந்தன்மையை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் தான் நின்ற பக்கம் அநீதியின் பக்கம் என்பது அவனுக்குத் தெரிந்தே இருந்தது. நன்றி எவ்வளவு பெரிதாயினும், அநீதிக்குத் துணை நிற்கும் கடமையை அதனால் உண்டாக்க முடியாது.

இது கதைக்கு மட்டும் உரிய விஷயமன்று. “உன்னை ஆளாக்கினேனே, இந்த ஒரு டிரிப் இரண்டு டன் கூடுதலாக ஏற்றிக்கொண்டு போ” என்று முதலாளி கேட்கிறார். “ராத்திரி தூங்காமல் ஓட்டி விடியுமுன் சேர்த்துவிடு” என்கிறார். ஐந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் மோட்டார் நிறுவனங்களில் நாளொன்றுக்கு எட்டு மணி நேர வேலை என்று 1961-ம் ஆண்டுச் சட்டமே எல்லை வகுத்தது. அந்த எல்லை எத்தனை லாரியில் இருந்தது என்பது டிரைவர் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். எதிரே சைக்கிளில் வருகிறவனுடைய உயிரை எடுத்து முதலாளியின் நன்றிக்கடனைத் தீர்க்க எவனுக்கும் உரிமையில்லை. இப்படிக் கேட்கிற இடத்தை விட்டு, கணக்கைத் தீர்த்துவிட்டு, இன்றைக்கே விலகினாலும் நான் தடுக்கமாட்டேன்.

இன்னொன்று. “கம்பெனி கற்றுத் தந்தது” என்று சொல்லுகிறோமே, கம்பெனிக்குக் கை உண்டா, வாய் உண்டா? பணம் கட்டியது கம்பெனி. கற்றுத் தந்தது பக்கத்தில் உட்கார்ந்திருந்த வயதான டிரைவர். தருமபுரியிலிருந்து சேலத்துக்கு வரும் வழியில் தொப்பூர்க் கணவாய் இருக்கிறதல்லவா? டீசல் மிச்சமாகும் என்று அங்கே நியூட்ரலில் இறக்குகிறவன், வேகம் முழுவதையும் பிரேக்கின் தலையில் போடுகிறான். பிரேக் காய்ந்து பிடிப்பை இழக்கிறது. அதன்பிறகு மிதித்துப் பயனில்லை. கியரைக் குறைத்து எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும்படி இறங்க வேண்டும் என்பதை டிரைவிங் பள்ளியிலும் சொல்லுவார்கள். ஆனால் லோடு வண்டியில், மழையில், இரவில், பையன் கைமேல் தன் கையை வைத்துக் கியரை மாற்றிக் காட்டியவர் அந்த மனிதர். அதற்காக அவருக்கு ஒரு காசும் கூடுதலாகக் கிடைத்திராது. வேறொரு டிரைவர் உருவானால் அவருக்கு நஷ்டமாகக்கூட இருக்கலாம். செனேக்காவின் தராசில் போட்டால் எல்லாரிலும் அவருக்கே அதிகம் கடன்பட்டிருக்கிறான். அதை அவருக்கே திருப்பிக் கொடுக்க வழியில்லை, அவருக்குத்தான் ஓட்டத் தெரியுமே! தன் பக்கத்தில் உட்காரும் அடுத்த கிளீனருக்குத்தான் கொடுக்க முடியும். அதை எந்தக் கம்பெனியில் இருந்தும் கொடுக்கலாம்.

அப்படியானால் போகலாமா? பேசிய காலம் முடிந்திருந்தால், அல்லது மீதியைக் கொடுத்துத் தீர்த்தால், போகலாம், பாவமில்லை. நாலாயிரம் ரூபாய் ஏழைக் குடும்பத்தில் ஒரு பிள்ளையின் படிப்பு. அதை ஆசை என்று பரிகசிக்க நான் தயாரில்லை. ஆனால் ஓரிடத்தில் மட்டும் கொஞ்சம் பொறு என்பேன். நூறு லாரி வைத்திருக்கும் கம்பெனியில் ஒரு டிரைவர் விலகினால் மறுநாள் வேறொருவர் ஏறுவார். ஒற்றை லாரிக்காரர் கதை வேறு. வீட்டை அடகு வைத்து வண்டி எடுத்து, மாதத் தவணை கட்டிக்கொண்டு, உன்னை நம்பிப் பயிற்சிக்குப் பணம் போட்டவர் அவர். வண்டி ஒரு மாதம் ஷெட்டில் நின்றால் தவணை நிற்காது. காகிதத்தில் ஒரு வரிகூட இல்லாவிட்டாலும், அவர் வேறு ஆள் தேடிக்கொள்ள அவகாசம் கொடுப்பது உன்மேல் விழுந்த கடமை. சாவியை மேசைமேல் வைத்துவிட்டு போனை அணைத்துக்கொள்வதும், லோடோடு வழியில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிப்போவதும் எந்த முதலாளிக்கும், கெட்ட முதலாளிக்குமே, செய்யத்தகாத காரியங்கள். சரக்கு அவருடையது மட்டுமன்று.

முதலாளிமார்களும் இவ்விதழைப் படிக்கிறார்கள் என்பதை அறிவேன். விலகுகிறேன் என்று நேரில் வந்து சொல்லும் பையனைத் திட்டி அனுப்பினால், அடுத்த பையன் சொல்லாமல் போகத்தான் கற்றுக்கொள்வான். சம்பளப் பாக்கியைக் கொடுங்கள். லைசென்ஸைக் கொடுங்கள். வரவு செலவுக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டி, இருவரும் கையெழுத்திட்டுக்கொள்ளுங்கள்.

தம்பி, புதுக் கம்பெனியார் எப்போது வருகிறாய் என்று கேட்டால், ஒரு மாதம் கழித்து என்று சொல். அந்த மாதத்தில் புதிதாகச் சேர்ந்த கிளீனரைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தொப்பூர் இறக்கத்தை ஒரு தடவையாவது காட்டிவிடு. கிளம்புமுன் அந்த வயதான டிரைவர் எந்த லைனில் இருக்கிறார் என்று ஆபீஸில் விசாரித்து, அவர் ஊர் திரும்பும் நாளில் வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொண்டு வா.