மடியில் ஒளிந்திருக்கும் ஆயுதம்

கருவேப்பிலங்குறிச்சியைச் சேர்ந்த வியாபாரச் சகோதரர் ஒருவர் கேட்டார்: "வசூல் பணத்தோடு விருத்தாசலத்திலிருந்து இரவில் திரும்புகிறேன். சட்டைக்குள் மறைத்து வைக்கச் சிறிய கைத்துப்பாக்கி வாங்கலாமா? எது நம்பகமானது?"

நியாயமான அச்சந்தான். தன் பொருளைக் காக்கும்போது கொல்லப்பட்டவர் ஷஹீத் என்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் காணப்படும் நபிமொழி. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பதே மார்க்கம். ஆகவே தற்காப்பு குற்றமன்று. நாட்டுச் சட்டமும் அவ்வுரிமையைத் தந்து, தேவைக்கு மேல் தீங்கு செய்யலாகாது என எல்லை வகுத்துள்ளது. துப்பாக்கிக்கோ 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும்.

டெல்லியில் 2012-ல் ஓர் இளம்பெண்ணுக்கு இழைக்கப்பட்ட கொடுமைக்குப் பின், 2014-ல் கான்பூர் அரசுத் தொழிற்சாலை 'நிர்பீக்' என்னும் ரிவால்வரைப் பெண்களுக்கென வெளியிட்டது. எடை அரைக் கிலோ; கைப்பையில் அடங்கும்; அப்போதைய விலை 1,20,000 ரூபாய்க்கு மேல். கருவி நம்பகமானதாகவே இருக்கட்டும். அதைப் பிடிக்கும் கை நம்பகமானதா?

1967 ஜனவரி 12 அன்று நடிகர் எம்.ஆர்.ராதா, எம்.ஜி.ஆரின் இல்லத்துக்குப் பேசச் சென்றார். பல படங்களில் சேர்ந்து நடித்தவர்கள் அவர்கள். பேசப் போன இடத்தில் துப்பாக்கி வெடித்தது. இருவருமே குண்டுக் காயம் பட்டனர். ராதா சிறை சென்றார், எம்.ஜி.ஆரின் பழைய குரல் திரும்பவேயில்லை. ரிவால்வர் உடன் இல்லாதிருந்தால், மனத்தாங்கல் வாய்ச்சண்டையோடு நின்றிருக்கக்கூடும் அன்றோ?

பள்ளிவாசலிலோ கடைத்தெருவிலோ அம்போடு செல்பவர், யார்மீதும் கீறல் படாதபடி அதன் முனையைப் பிடித்துக்கொள்ள வேண்டுமென அண்ணலார் (ஸல்) பணித்தார்கள். சகோதரனை நோக்கி ஆயுதத்தை நீட்டுவதையும் தடுத்தார்கள். ஷைத்தான் கையை இழுத்துவிடக்கூடும் என்பதே காரணம். கண்ணுக்குத் தெரியும் அம்புக்கே இத்தனை எச்சரிக்கை! மறைத்து வைத்த துப்பாக்கியைக் கண்டு எதிரில் நிற்பவன் விலகிக்கொள்ள முடியாது. அவனுடைய எச்சரிக்கையையும் சேர்த்துச் சுமக்க வேண்டியவர் துப்பாக்கி வைத்திருப்பவரே.

திருடன் வாழ்நாளில் ஒருமுறை வரலாம், வராமலும் போகலாம். கோபமோ அன்றாடம் வருகிறது. பஸ்ஸில் இடத்தகராறு, வயலில் வரப்புத் தகராறு, கடையில் பாக்கித் தகராறு! அப்போதெல்லாம் அந்த இரும்பு நம் மடியில்தான் இருக்கும். வீட்டிலோ, சட்டையைக் கழற்றி மாட்டிய இடத்தில் குழந்தைகள் கை வைக்கும்.

ஆகவே சகோதரரே, பணத்தைப் பகலிலேயே பேங்கில் கட்டுங்கள்; இரவில் துணையோடு வாருங்கள். அதற்குப் பின்னும் தேவை மெய்யாகவே இருந்தால், முறைப்படி லைசென்ஸ் பெற்று, பழகி, பூட்டி வையுங்கள். ஆனால் எந்தத் துப்பாக்கி நம்பகமானது என்று கடைக்காரரைக் கேட்குமுன், உங்கள் கோபம் எப்படிப்பட்டது என்று வீட்டாரைக் கேளுங்கள். அவர்கள் பதில் சொல்லத் தயங்கினால், அதுவே பதில்.

நம் கைகளை அல்லாஹ் காப்பானாக! ஆமீன்.